பின் பம்பரில் மாட்டிய ஸ்டெப்னி: ஒரு டிராவல் டிரெய்லரின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் காரின் பின்னாலோ பிக்கப் டிரக்கின் பின்னாலோ இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியை டிராவல் டிரெய்லர் என்கிறார்கள். அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும். அப்படிப்பட்ட ஒரு வண்டியின் ஸ்டெப்னி தாங்கி எப்படிப் பொருத்தப்பட்டது, எங்கே கைவிட்டது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதன் பதிவு இது. உரிமையாளர்கள் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற கணவன் மனைவி. அவர்கள் சம்மதத்தோடு, அடையாள விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். பழுதைப் பார்த்துச் சரிசெய்த வேலையில் நானும் இருந்தேன்.

பின்னணி

வண்டி பழையது, இரண்டாம் கையாக வாங்கியது. டிரக்கோடு இணைக்கும் கொக்கியிலிருந்து பின் பம்பர் வரை 24 அடி நீளம். இரண்டு அச்சு, நான்கு சக்கரம். டயர் அளவு எஸ்.டி. 205/75 ஆர் 14, சுமைப்பிரிவு சி. எஸ்.டி. என்ற எழுத்துகள் டிரெய்லருக்கென்றே செய்த டயர் என்பதைக் குறிக்கும். இந்த அளவுக்கு முழுச் சுமையில் 50 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும்.

வாங்கும்போது ஸ்டெப்னி இல்லை. புது டிரெய்லர்களிலேயே பல நேரம் ஸ்டெப்னிக்குத் தனிக் காசு கேட்பார்கள். பழைய வண்டியில் இல்லாததில் வியப்பில்லை. இவர்கள் பழைய சாமான் விற்கும் இடத்தில் ஐந்து துளை ரிம்மோடு ஒரு டயரும், கடையில் பம்பரில் மாட்டும் தாங்கி ஒன்றும் வாங்கினார்கள். 4 அங்குலச் சதுரக் குழாய் பம்பரை இரண்டு யூ போல்ட்டால் கவ்விப் பிடிக்கும் சாதாரணத் தாங்கிதான். வெல்டிங் வேண்டாம், துளை போட வேண்டாம், ஒரு ஸ்பேனர் இருந்தால் அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். இந்தத் தாங்கி இவ்வளவு விற்பதற்கு அந்த எளிமைதான் காரணம்.

நம்பர் பிளேட்டும் அதன் விளக்கும் பம்பரின் நடுவை ஒட்டி இருந்ததால் தாங்கியை இடப்பக்கம் தள்ளி மாட்டினார்கள். சேஸிஸின் இடது நீளச் சட்டம் பம்பரில் சேரும் இடத்திலிருந்து ஒரு அடி உள்ளே. கணவர் நிதானமான ஆள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் யூ போல்ட் நட்டுகளை இறுக்கிப் பார்ப்பார். டயருக்கு வினைல் உறை போட்டு மூடினார். மாட்டிய அன்றே ஒரு படமும் எடுத்து வைத்தார். அந்தப் படம் பின்னால் பெரிய உதவியாக இருந்தது.

வசந்த காலத்தில் பொருத்தியது, கோடை முழுக்க நல்ல தார்ச் சாலைகளில் ஓடியது. ஒரு குறையும் தென்படவில்லை.

சாக்கோ சாலை

இலையுதிர் காலத்தில் சாக்கோ கன்யனுக்குப் போனார்கள். அமெரிக்கப் பழங்குடியினரான பழைய புவேப்லோ மக்கள் கட்டிய பெரிய கல் வீடுகள் இருக்கும் இடம், யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னம். வடக்கிலிருந்து போகும் வழியில் நகீசி ஊருக்குப் பக்கத்தில் யு.எஸ். 550 நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டும். முதல் 8 மைல் தார், அடுத்த 13 மைல் மண் சாலை. அந்த மண் சாலையின் மேற்பரப்பு குறுக்கே வரிவரியாக, துணி துவைக்கும் பலகைபோல் மேடு பள்ளமாகிக் கிடக்கும். பூங்காவின் கயோ முகாமில் 35 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு இடமில்லை. இவர்களுடையது 24 அடி என்பதால் தயங்காமல் போனார்கள். வேகத்தையும் குறைத்தே ஓட்டினார்கள்.

அந்த வரிகளை நான் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் சுமார் 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 13 மைலில், அதாவது 21 கிலோமீட்டரில், ஏறக்குறைய 30,000 குலுக்கல். போக வர 60,000. தோராயமான கணக்குதான். ஆனால் கோடை முழுக்க நெடுஞ்சாலையில் வாங்காத அளவு அடியை அந்தப் பின் பம்பர் ஒரே பயணத்தில் வாங்கியிருக்கும்.

திரும்பும்போது 550 சாலையைத் தொட்டதும் ஓரமாக நிறுத்தி வண்டியைச் சுற்றி வந்தார்கள். மனைவிதான் முதலில் கவனித்தார். டயருக்கும் டிரெய்லரின் பின்சுவருக்கும் உள்ள இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் தெரிந்தது. டயர் பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. கணவர் நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார், எல்லாம் இறுக்கம். தாங்கியை ஆட்டிப் பார்த்தார், பம்பரைவிட்டு அது அசையவில்லை. அந்த ஒரு நிமிடத்தில், உறை கனமாகித் தொங்குவதால்தான் அப்படித் தெரிகிறதோ என்றும் பேசிக்கொண்டார்களாம். பிறகு கைபேசியில் வசந்த காலப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். படத்தில் இடைவெளி மேலும் கீழும் ஒன்றுபோல் இருந்தது.

கணவர் கீழே படுத்துப் பார்த்தார். பம்பர் இடது சட்டத்தோடு சேரும் மூலையில், வெல்டிங் ஓரத்திலிருந்து செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தது. மண் தூசி சாம்பல் கலந்த மஞ்சள். இந்தச் செம்பழுப்புக் கோடோ துருத் தூள். ஸ்டெப்னியைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் அந்தக் கோட்டின் மேல்முனையில் மயிரிழை அளவு வாய் திறந்து மூடியது.

சாலையோரத்தில் எடுத்த முடிவு

வண்டியை அப்படியே மெதுவாக வீடு வரை ஓட்டிவிடலாம் என்ற ஆசை வந்திருக்கலாம். 550 நான்கு வழிச் சாலை, வண்டிகள் விரைந்து வரும். 20 கிலோ சக்கரம் கழன்று உருண்டால் பின்னால் வருபவருக்கு ஒதுங்க நேரமிருக்காது. சரியான முடிவை எடுத்தார்கள். ஸ்டெப்னியைக் கழற்றி டிரக்கின் பின்பெட்டியில் போட்டுக் கட்டினார்கள். தாங்கியையும் கழற்றினார்கள். கழிவுத் தொட்டியைக் காலி செய்யப் பம்பருக்குள் வைத்திருந்த கழிவுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். ராட்செட் பட்டை ஒன்றால் பம்பரைச் சேஸிஸ் சட்டத்தோடு இழுத்துக் கட்டினார்கள். பெர்னலீயோ ஊர் வரை இரண்டு இடத்தில் நிறுத்திப் பட்டையைச் சரிபார்த்து வந்து சேர்ந்தார்கள்.

பட்டறையில் கண்டது

கம்பித் தூரிகையால் பெயின்ட்டையும் துருவையும் நீக்கியபின் சாயச் சோதனை செய்தோம். சுத்தம் செய்யும் திரவம், பிறகு சிவப்புச் சாயம், துடைத்தபின் வெள்ளைத் தூள் தெளிப்பு: மூன்று டப்பா விலையில் விரிசலின் முழு வரைபடமும் கிடைத்துவிடும். வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு ஊறி வந்தது. இடது மூலையில் பம்பரின் மேல்முனையில் தொடங்கி, வளைந்து இறங்கி, வெல்டிங் நீளத்தில் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. கீழ்ப்பகுதி மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது. வலது மூலையிலும், எந்தச் சுமையும் பக்கத்தில் இல்லாத இடத்தில், விரல் நக அளவு ஒரு கோடு.

வெல்டிங் உடையவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வெல்டிங்குக்குப் பக்கத்தில், அதன் விளிம்பை ஒட்டிக் குழாயின் சுவர்தான் கிழிந்திருந்தது. குழாயின் திறந்த முனையில் அளந்தபோது சுவர்த் தடிமன் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. பார்ப்பதற்கு 4 அங்குலச் சதுரம், கம்பீரமாக இருக்கும். உண்மையில் அது கழிவுநீர்க் குழாயைச் சுருட்டாமல் உள்ளே தள்ளி வைப்பதற்கென்றே வந்த மெல்லிய தகரக் குழாய். வண்டியைப் பின்னாலிருந்து யாராவது இடித்தால் காப்பாற்றும் பம்பர்கூட இல்லை. பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் இதில் சைக்கிள் தாங்கி மாட்டாதே, ஸ்டெப்னியைத் தவிர வேறு எதையும் ஏற்றாதே என்று எச்சரிப்பது இதனால்தான்.

உள்ளே கைவிளக்கு அடித்துப் பார்த்தோம். ஈரக் குழாயை அப்படியே உள்ளே தள்ளி இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி போட்டதால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல், அடிச்சுவரில் துரு செதில் செதிலாக உரிந்தது. தாங்கியின் யூ போல்ட் கவ்விய இடங்களில் குழாயின் ஓரங்கள் நசுங்கி, பெயின்ட் போய், அங்கேயும் துரு. இவற்றைத் தவிர, வலப்பக்கத்தில் வேறு அகலத்தில் இரண்டு யூ போல்ட் தடங்கள் இருந்தன. முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு தாங்கியை, பெரும்பாலும் சைக்கிளுக்கு, மாட்டியிருந்திருக்கிறார். வலது மூலையின் சிறு விரிசலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இவர்கள் வாங்கும்போதே பம்பர் பாதி ஆயுளைக் கழித்திருந்தது.

ஏன் கிழிந்தது

ரிம்மோடு டயர் 20 கிலோ, தாங்கி 7 கிலோ. மொத்தம் 27 கிலோ. ஒரு சிறுவனைத் தூக்கி உட்கார வைக்கும் எடை, குழாய் அதைச் சும்மா தாங்கும். எடை எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கல். டயரின் எடை மையம் குழாயின் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் பின்னால் இருந்தது. ஆகவே நின்ற நிலையிலேயே 53 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை குழாயைப் பின்னோக்கித் திருகுகிறது. மேட்டில் குதித்து விழும்போது மூன்று மடங்கு என்று கொண்டால் 160. கூடவே டயரின் மையம் பம்பருக்கு 40 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. பிரேக் போட்டால் முன்னோக்கித் திருகும், கிளம்பினால் பின்னோக்கித் திருகும். அச்சுகளுக்கு வெகு பின்னால், வண்டியின் வால் நுனியில் இருப்பதால் குதிப்பு இன்னும் கூடுகிறது.

இந்தத் திருகல் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் இடது மூலையின் வெல்டிங் விளிம்பு. தாங்கியிலிருந்து ஒரு அடி தூரத்தில் இருந்த அந்த மூலை பெரும் பங்கையும், தூரத்து மூலை மிச்சத்தையும் வாங்கின. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் ஸ்பேனர் தொட்ட இடம் யூ போல்ட் நட்டு. அது கடைசி வரை இறுக்கமாகவே இருந்தது. தாங்கி பம்பரை விடவில்லை. பம்பர் வண்டியை விட்டுக்கொண்டிருந்தது. இந்த வண்டியில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். அக்கறையோடு பராமரித்தவரின் அக்கறை முழுதும் பழுதாகாத இடத்திலேயே செலவாகியிருந்தது. தாங்கியோடு வந்த தாளில் நட்டை இறுக்கச் சொல்லியிருந்தது. பம்பரின் இணைப்பைப் பார் என்று ஒரு வரி இல்லை.

ஸ்டெப்னியின் நிலை

தாங்கியைப் பார்த்த கையோடு டயரையும் பார்த்தோம். காற்று 28 பி.எஸ்.ஐ., இருக்க வேண்டியது 50. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். அதன்படி அந்த டயருக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. உறைக்குள் இருந்தும் பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகள். இவர்கள் கைக்கு வருமுன் எங்கோ வெயிலில் கிடந்தபோது விழுந்தவை. வால்வு வண்டியின் சுவரைப் பார்த்து இருந்தது. காற்றுப் பார்க்க வேண்டுமென்றால் உறையைக் கழற்றி, பூட்டைத் திறந்து, சக்கரத்தையே இறக்க வேண்டும். அதனால் கோடை முழுக்க யாரும் பார்க்கவில்லை. உறை டயரைக் காப்பாற்றுகிறது, சரி. பார்வையிலிருந்தும் மறைத்துவிடுகிறது.

நாங்கள் எடை போட்ட வழிகள்

விரிசலை அரைத்து மறுபடி வெல்டிங் வைப்பது மலிவு. மெல்லிய, உள்ளே துருப்பிடித்த சுவரில் வெல்டிங் வைத்தால் பக்கத்துச் சுவர் சூட்டில் இன்னும் பலவீனமாகும், அடுத்த விரிசல் ஒரு அங்குலம் தள்ளி வரும். உடனே விலக்கினோம். வண்டிக்கு அடியில் கம்பி வின்ச் வைத்துத் தொங்கவிடும் முறை எடையைக் கீழே கொண்டுவரும். ஆனால் இவர்கள் வண்டியில் அச்சுக்குப் பின்னே கழிவுத் தொட்டிகளின் குழாய்கள் குறுக்கே ஓடின. எழுபதை நெருங்கும் இருவர் நெடுஞ்சாலை ஓரத்தில் தரையில் ஊர்ந்து டயரை இழுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. முன்னால், கொக்கி முக்கோணச் சட்டத்தில் மாட்டுவது பலருக்குச் சரிவரும். இங்கே அந்த இடத்தை எரிவாயு சிலிண்டர்களும் பேட்டரியும் எடுத்துக்கொண்டிருந்தன.

மீதியிருந்தது பம்பரையே மாற்றுவது. வெல்டர் 3/16 அங்குலச் சுவருள்ள குழாய் போடலாம் என்றார். பலத்தில் குறை சொல்ல முடியாது. நாங்கள் 1/8 அங்குலத்தை எடுத்தோம். காரணம் எடை. 4 அங்குலச் சதுரக் குழாய் 3/16 சுவரில் அடிக்கு 9.42 பவுண்டு, 8 அடிக்கு 75 பவுண்டு. 1/8 சுவரில் அடிக்கு 6.46, 8 அடிக்கு 52. பழையது 27 பவுண்டுக்குள் இருக்கும்.

வால் நுனியில் ஏற்றும் ஒவ்வொரு பவுண்டும் கொக்கியில் விழும் எடையைக் குறைக்கும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. குறைந்தால் வண்டி வேகத்தில் வாலாட்டும். இந்த வண்டியை எடை மேடையில் ஏற்றியபோது மொத்தம் 5,200 பவுண்டு, கொக்கியில் 560. அதாவது 10.8 சதவீதம். அச்சு மையத்திலிருந்து பம்பர் 9 அடி, கொக்கி 15 அடி. எனவே பின்னால் கூடும் எடையில் ஐந்தில் மூன்று பங்கு கொக்கியிலிருந்து கழியும். 3/16 குழாய் போட்டால் 10.1 சதவீதத்துக்கு இறங்கிவிடும், விளிம்புக்கே வந்துவிடும். 1/8 போட்டால் 10.4. அதோடு டிரெய்லரின் பின்பெட்டியில் கிடந்த கருவிகளை முன் அறைக்கு மாற்றச் சொன்னேன்.

செய்த வேலை

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பழைய பம்பரை அறுத்தெடுத்து, புதுக் குழாயை வெல்டர் பொருத்தினார். இரண்டு மூலையிலும் முக்கோண முட்டுத் தகடு வைத்து, சேஸிஸ் சட்டத்தின் நடுச்சுவரில் அதைப் பிடித்தார். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையோ குறுக்கு வெல்டிங்கோ வைக்கவில்லை. சட்டம் சுமையைத் தாங்குவதே அந்த விளிம்புகளால்தான். குழாயின் அடியில் இரண்டு வடிகால் துளை. கழிவுநீர்க் குழாய்க்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

தாங்கியை இடது சட்டத்துக்கு நேராக நகர்த்தினோம். யூ போல்ட்டுகளுக்கு அடியில் 6 மில்லிமீட்டர் தகடு, குழாய் நசுங்காமல் இருக்க. தாங்கியின் செங்குத்துக் காலிலிருந்து சட்டத்துக்குச் சாய்வாக ஒரு கம்பி முட்டு, திருகலைக் குழாய்க்கு விடாமல் நேரே சேஸிஸுக்குக் கடத்த. நட்டுகள் புது நைலான் நட்டுகள்; பழையதைக் கழற்றி மறுபடி போட்டால் பிடிப்பு குறையும். இறுக்கியபின் நட்டிலிருந்து தகடு வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு, நட்டு சுற்றினால் கண்ணுக்குத் தெரிய. ரிம் துளை வழியாகச் சட்டத்தைச் சுற்றி ஒரு எஃகுக் கயிறு. எல்லாம் கைவிட்டாலும் சக்கரம் சாலையில் விழாது. டயர் புதியது, வால்வு வெளியே பார்க்கும்படி மாட்டியது. இடது பக்க விளக்கு எந்தக் கோணத்திலும் மறையவில்லை என்று இருட்டில் நின்று பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு

அடுத்த பருவத்தில் எலிஃபன்ட் பியூட் ஏரிக்குப் போகும் வழியில், சொக்கோரோ ஊரைத் தாண்டி ஐ-25 நெடுஞ்சாலையில் வலது பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னியில் 50 பி.எஸ்.ஐ. இருந்தது. அதே பக்கத்து மற்ற சக்கரத்தைச் சாய்வுக் கட்டையில் ஏற்றியதும் பஞ்சரான சக்கரம் தரையை விட்டு எழுந்தது, ஜாக்கி தேவைப்படவில்லை. சிரமம் வேறு இடத்தில் வந்தது. ஸ்டெப்னிப் பூட்டின் சாவித் துளைக்குள் தூசி அடைத்துச் சாவி சுற்றவில்லை. அதைத் திறக்கவே சக்கரம் மாற்றியதைவிட அதிக நேரம் ஆனதாம். டிரக்கோடு வந்த வீல் ஸ்பேனரும் டிரெய்லரின் 13/16 அங்குல நட்டுக்குச் சேரவில்லை. மனைவி தனி சாக்கெட் ஒன்றைக் கருவிப் பையில் போட்டு வைத்திருந்ததால் தப்பித்தார்கள். 1/2 அங்குல ஸ்டட்டுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு என்ற வரம்புக்குள் இறுக்கி, 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்தார்கள்.

பருவ முடிவில் சாயச் சோதனையைத் திரும்பச் செய்தோம். இரண்டு மூலையிலும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மஞ்சள் கோடுகள் நகரவில்லை. சாய்வு முட்டின் கீழ் போல்ட்டில் மட்டும் பெயின்ட் உரிந்து துரு தொடங்கியிருந்தது. சுரண்டித் துத்தநாகப் பெயின்ட் அடித்தோம்.

இப்போது மாறியவை

இவர்கள் வைத்திருக்கும் பயணத்துக்கு முந்தைய சோதனையில் நட்டு மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. முதலில் பம்பர் மூலைகளில் துருக் கோடு வழிகிறதா என்று கண்ணால் பார்ப்பது. அடுத்து டயரின் மேல்விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து, தாங்கியோடு சேர்ந்து பம்பரும் அசைகிறதா என்று கையால் உணர்வது. டயருக்கும் சுவருக்கும் இடையே மேலும் கீழும் உள்ள இடைவெளியை அளந்து, உறையின் உட்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார்கள். மண் சாலையில் போனால் தார்ச் சாலையைத் தொட்ட இடத்தில் அதை மறுபடி அளக்கிறார்கள். காற்றழுத்தத்தை நான்கு சக்கரத்தோடு ஐந்தாவதாக இதற்கும் பார்க்கிறார்கள். பூட்டுக்கு மாதம் ஒருமுறை கிராஃபைட் தூள். எண்ணெய் போட்டால் நியூ மெக்சிகோ தூசி சேறாகி ஒட்டும்.

பழைய டிரெய்லர் வாங்க வருபவர்களிடம் நான் இப்போது சொல்லும் முதல் வேலையும் இதையொட்டியே: பின் பம்பரில் முன்பு என்ன மாட்டியிருந்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள், யூ போல்ட் தடத்தை நீங்களே தேடிப் பாருங்கள், இருந்தால் தாங்கி வாங்குமுன் மூலைகளுக்குச் சாயச் சோதனை செய்யுங்கள். இந்த வண்டியில் ஒரு வேலை இன்னும் பாக்கி. முட்டுத் தகடு வைத்ததால் குலுக்கல் இப்போது சேஸிஸ் சட்டத்தின் பின்நுனிக்குப் போகிறது. அந்தச் சட்டமும் கனமானதல்ல. அடுத்த சாக்கோ பயணம் முடிந்ததும் தகடுக்கு முன்னால் ஒரு அடி வரை பெயின்ட்டை நீக்கி அங்கேயும் சோதிக்க நாள் குறித்திருக்கிறோம்.